மில் வாசலில் நின்ற பாரிஸ்டர்



இந்த வருஷ மலருக்கு டாக்டர் அம்பேத்கரைப் பற்றி எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அவர் பேரைச் சொன்னதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் தடிப் புத்தகம். நம்ம பக்கம் அவர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துத்தான் பார்த்திருக்கிறோம். அரசியல் சட்டம் எழுதிய கதையைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் பண்ணியாச்சு. அதனால் அதைக் கொஞ்சமாகத் தொட்டுவிட்டு, அவர் மில் தொழிலாளிகளுக்காக ஒரு மாகாணச் சட்டத்தை எதிர்த்து ரோட்டில் இறங்கிய கதையைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். காரணம் இருக்கு. டிப்ளமோ கையில் வந்ததும் நாம எல்லாரும் மணலியிலோ எண்ணூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஏதாவது ஒரு கேட்டில் பாஸ் வாங்க வரிசையில் நிற்கப் போறவங்கதானே!

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-ஆம் தேதி இப்போதைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். வீட்டில் 14-வது பிள்ளை. மகர் என்ற தீண்டப்படாத சாதி. சதாராவில் படிக்கும்போது மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. தனியாகக் கோணிச் சாக்கு. தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீரும் கிடையாது. இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான். நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் வளர்ந்தது, படித்தது, குடித்தனம் நடத்தியது எல்லாம் பம்பாயின் மில் ஏரியாவில். பரேல் என்ற இடம். நம்ம பெரம்பூர், வியாசர்பாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மில் சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கும் இடம். அங்கே 'சால்' என்று சொல்லும் லைன் வீடு. ஒரே ரூம். சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள்ளேதான். அப்பா ராத்திரி இரண்டு மணி வரைக்கும் முழித்திருந்து, அப்புறம் பிள்ளையைப் படிக்க எழுப்பிவிட்டுத்தான் படுப்பாராம். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எங்க ஆயாவின் ஞாபகம் வந்தது. மாத்தூரில் எங்க வீட்டிலும் ஒரே ரூம்தான். நான் செமஸ்டருக்குப் படிக்கிற நாளில் லைட் கண்ணைக் கூசுதுன்னு ஒரு நாளும் ஆயா சொன்னதில்லை. முகத்துமேல முந்தானையைப் போட்டுக்கிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கும்.

1907-ல் மெட்ரிக், 1912-ல் பி.ஏ. பரோடா மகாராஜா கொடுத்த உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு லண்டன். உதவித்தொகைக்குப் பதிலாகப் பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போனார்.

அந்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் எம்.ஏ. வாங்கிய ஆள். பெரிய பதவி. ஆனால் ஆபீசில் பியூன்கள் ஃபைலைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தூரத்தில் நின்று மேஜை மேல் வீசுவார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஊரில் வாடகைக்கு வீடு கிடையாது. வேறு வழியில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்கினார். சில நாளில் விஷயம் தெரிந்து, தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியே போகச் சொன்னது. பம்பாய்க்கு ராத்திரிதான் ரயில். அதுவரைக்கும் ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். வேலையும் அதோடு போயிற்று. படித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நம்ம வீட்டில் சொல்வார்கள் இல்லையா? அவர் படித்த படிப்புக்கு மேல் அந்தக் காலத்தில் படிப்பே கிடையாது. வேலை செய்யும் இடத்தில் யார் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம் என்பதை சர்டிபிகேட் முடிவு பண்ணவில்லை. 1918-ல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்குப் போனார். அங்கேயும் ஸ்டாஃப் ரூம் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று கூட வேலை பார்த்த பேராசிரியர்களே சொன்னார்கள்.

மறுபடி 1920-ல் லண்டன் போய் மிச்சப் படிப்பையும் பாரிஸ்டர் பட்டத்தையும் முடித்தார். திரும்பி வந்து வக்கீல் தொழிலை ஆரம்பித்தவர் வீட்டை மாற்றவில்லை. அதே பரேலில், மாடியில் இரண்டு ரூம். 1934 வரைக்கும் அங்கேதான். பாரிஸ்டரின் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் மில் தொழிலாளிகள்.

அந்த மில்லுக்குள் என்ன நடந்தது என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பஞ்சாலையில் இரண்டு பெரிய பகுதிகள் இருக்கும். நூற்பு ஒன்று, தறிக்கூடம் ஒன்று. தறிக்கூடத்தில்தான் சம்பளம் அதிகம். பம்பாய் மில்களில் தீண்டப்படாத சாதித் தொழிலாளிகளை நூற்பில் சேர்ப்பார்கள். தறிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். ஏன் தெரியுமா? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோவது நாடா. நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தால் புதுத் தார் போட்டு, நூல் முனையை நாடாவின் சின்ன ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரலால் முடியாது. ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சி இழுப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஒரு மகர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க முடியாது என்று மற்ற சாதித் தொழிலாளிகள் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒரு மூன்று அங்குல ஓட்டைகூட இல்லை, ஊசிக்காது மாதிரி ஒரு துளை. அதை வைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளத்தையே நிர்ணயித்தார்கள்.

இது போன நூற்றாண்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நானும் என் கிளாஸ்மேட் பெண்கள் மூன்று பேரும் ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனோம். பசங்களை மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார்கள். எங்களை ஸ்டோரில் உட்கார வைத்து ரெஜிஸ்டர் எழுதச் சொன்னார்கள். பதினைந்து நாளும் அதேதான். யாரும் திட்டவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் நடத்தினாங்க. லேத்தைத்தான் தொட விடல. அது எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

பம்பாய்க்கு முன்னால் நம்ம ஊரிலேயே ஒரு பாடம் நடந்திருந்தது. 1921-ல் பெரம்பூர் பின்னி மில்லில், அதாவது பக்கிங்காம் கர்னாடிக் மில்லில், மாதக் கணக்கில் வேலை நிறுத்தம். இந்துச் சாதித் தொழிலாளிகளும் முஸ்லிம் தொழிலாளிகளும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம், துப்பாக்கிச் சூடு. கடைசியில் வேலை நிறுத்தம் தோற்றது. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இந்தக் கதையை அவரவர் பக்கத்திலிருந்து சொல்வார்கள். சேரியிலிருந்து ஒரு விதம், தெருவிலிருந்து ஒரு விதம். என் அபிப்பிராயம் இதுதான்: சும்மா இருக்கும் நாளில் பக்கத்தில் உட்கார விடாதவனை, சண்டை வந்த நாளில் மட்டும் தோழர் என்று கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்?

1928-ல் பம்பாயில் பெரிய மில் வேலை நிறுத்தம் வந்தது. ஆறு மாதம் ஓடியது. அம்பேத்கர் அப்போது பம்பாய் சட்ட மேலவையில் நியமன உறுப்பினர். அவர் சங்கத் தலைவர்களிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். தறிக்கூடம் உள்பட எல்லாப் பகுதியிலும் தீண்டப்படாத தொழிலாளிகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களை வேலை நிறுத்தத்தில் சேர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றார். தலைவர்கள் மனசில்லாமல் சேர்த்தார்கள். பட்டியல் முதலாளிகளிடம் போனது. அவர்கள் அந்தக் கோரிக்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். இது அநியாயம்தான், ஆனால் இதைச் செய்வது நாங்களா உங்கள் தொழிலாளிகளா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் வேதனை.

அதே 1928-ல் மேலவையில் பெண் தொழிலாளிகளுக்குப் பிரசவ கால உதவி தரும் மசோதா வந்தது. அதை அவர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நன்மைக்கே, பெண்ணின் உழைப்பால் லாபம் அடையும் முதலாளியும் செலவில் பங்கு தரவேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் அது பம்பாய் மாகாணச் சட்டம் ஆனது. எங்க அம்மா ஒரு பேக்டரியில் கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாங்க. என் தம்பி பிறந்தப்போ அவங்களுக்கு எத்தனை நாள் லீவு கிடைச்சுதுன்னு கேட்டேன். லீவாவது ஒண்ணாவது, பேரை எடுத்துட்டாங்க, அப்புறம் புது ஆளா சேர்ந்தேன்னாங்க.

இப்போது ஒரு சிக்கலான விஷயம். 1929-ல் மறுபடியும் மில் வேலை நிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். போன வருஷத்துக் கடனே அடையவில்லை, மறுபடி பட்டினி போட்டால் முதலில் விழுவது எங்கள் ஜனங்கள்தான் என்று சொல்லி, வேலைக்குத் திரும்பச் சொன்னார். கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கும் அவருக்கும் இதனால் பெரிய மனஸ்தாபம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே மனிதர்தான் ஒன்பது வருஷம் கழித்து வேலை நிறுத்த உரிமைக்காக அதே கம்யூனிஸ்டுகளோடு ஒரே மேடையில் ஏறினார்.

நடுவில் மகாட் குளப் போராட்டம், வட்டமேஜை மாநாடு, பூனா ஒப்பந்தம் எல்லாம் நடந்தன. அவற்றைப் பாடப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். 1936 ஆகஸ்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை ஆரம்பித்தார். 1937 தேர்தலில் அந்தக் கட்சி நிறுத்திய 17 பேரில் பெரும்பாலோர் ஜெயித்து பம்பாய் சட்டசபைக்குப் போனார்கள். கட்சிப் பேரில் சாதி இல்லை, தொழிலாளர் என்றுதான் இருந்தது.

1938 பிப்ரவரியில் மன்மாடில் தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாடு. அவர்தான் தலைமை. அங்கே அவர் பேசியது ரொம்ப நுணுக்கமானது. ரயில்வேயில் நம்மவர்கள் ஏன் கேங்மேனாகவே செத்துப் போகிறார்கள் என்று கேட்டார். போர்ட்டர் வேலைக்குப் போனால் மேலே கிளார்க் ஆக வழி உண்டு. ஆனால் போர்ட்டராகச் சேருகிறவன் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையையும் பார்க்க வேண்டும். தீண்டப்படாதவனை வீட்டுக்குள் விட முடியாது. அதனால் போர்ட்டர் வேலையே கிடையாது. அதனால் பதவி உயர்வும் கிடையாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் இப்படித்தான், மேஸ்திரி ஆகவே முடியாது. எந்த ரூல் புத்தகத்திலும் இது எழுதியிருக்காது. முதலாளித்துவம், பிராமணியம் என்று தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் உண்டு, ஒன்றை மட்டும் எதிர்த்தால் போதாது என்று அங்கே சொன்னார். பிராமணியம் என்றதில் ஒரு சாதி ஆட்களைச் சொல்லவில்லை, சமத்துவத்தை மறுக்கும் மனப்பான்மையைச் சொல்கிறேன், அது எல்லாச் சாதியிலும் உண்டு என்றும் விளக்கினார். வேறு சங்கங்கள் உங்கள் குறையைப் பேசாவிட்டால் நீங்களே சங்கம் வையுங்கள் என்றார்.

ஏழு மாதம் கழித்து அந்த மசோதா வந்தது.

1938 செப்டம்பரில் பம்பாய் காங்கிரஸ் மந்திரிசபை தொழில் தகராறு மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தது. பிரதமர் பி.ஜி.கேர். (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) மேலே பார்த்தால் நல்ல மசோதா மாதிரி தெரியும். தகராறு வந்தால் முதலில் நோட்டீஸ் கொடு, சமரச அதிகாரி முன்னால் பேசு, அது முடியும் வரை வேலை நிறுத்தம் பண்ணாதே. அமைதிதானே நல்லது? ஆனால் உள்ளே கொக்கி இருந்தது. அந்த நடைமுறை முடியும் முன்னால் வேலையை நிறுத்தினால் அது சட்ட விரோதம், தண்டனைக்குரிய குற்றம். அதற்கு முன்பு 1929-ல் வந்த மத்தியச் சட்டத்தில், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் தபால், தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளுக்குத்தான் இருந்தது. இப்போது பஞ்சாலைத் தொழிலாளிக்கும் அந்தக் கட்டு வருகிறது. இன்னொன்று, சங்கங்களைத் தரம் பிரித்தார்கள். முதலாளி அங்கீகரித்த சங்கம் என்றால் கொஞ்சம் உறுப்பினர் இருந்தாலே போதும். அங்கீகாரம் இல்லாத சங்கம் என்றால் அதைவிட நிறைய உறுப்பினர் காட்ட வேண்டும்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். தறிக்கூடத்துக்குள் விடாத தொழிலாளியின் நிலைமை இதில் என்ன ஆகும்? முதலாளிக்கு அவன் குறை ஒரு பொருட்டே இல்லை. பெரிய சங்கம் அவன் கோரிக்கையை மனசில்லாமல்தான் எழுதும். சமரச மேஜையில் முதலில் வெட்டுப்படும் கோரிக்கையும் அதுதான். அவன் கையில் மிச்சம் இருப்பது, எல்லோரும் சேர்ந்து வேலையை விட்டு வெளியே வரும் பலம் ஒன்றுதான். அதையும் குற்றம் என்று எழுதிவிட்டால்? பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு என்று தனியாகச் சட்டமே இல்லாத காலம் அது. சேர்ந்து நிற்பதுதான் பாதுகாப்பு.

செப்டம்பர் 15-ஆம் தேதி அம்பேத்கர் சட்டசபையில் பேசினார். அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வேலை நிறுத்தம் என்பது என்ன? வேலை செய்வதாகச் செய்த ஒப்பந்தத்தை முறிப்பது. ஒப்பந்தத்தை முறித்தால் அது சிவில் வழக்கு, நஷ்ட ஈடு கேட்கலாம். கிரிமினல் குற்றம் ஆகாது. ஒருத்தன் எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று போனால் ஜெயிலில் போட முடியாது. அதையே ஆயிரம் பேர் சேர்ந்து செய்தால் மட்டும் எப்படிக் குற்றம்? இஷ்டமில்லாதவனைச் சட்டத்தைக் காட்டி வேலை வாங்கினால் அதற்குப் பேர் அடிமைத்தனம். சுதந்திரம் வேண்டும் என்று வெள்ளைக்காரனிடம் கேட்கும் கட்சி, தொழிலாளியின் சுதந்திரத்தை எப்படிப் பறிக்கலாம் என்று கேட்டார். நஷ்டம், நஷ்டம் என்று சொல்லும் முதலாளியைத் தன் வரவு செலவுக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்ல இந்த மசோதாவில் வழி எங்கே என்றும் கேட்டார். பாரிஸ்டர் படிப்பு அன்றைக்கு உபயோகப்பட்டது என்றால் மிகையாகாது!

சபையில் ஓட்டு இல்லை. காங்கிரசுக்குத்தான் மெஜாரிட்டி. அதனால் விஷயம் ரோட்டுக்கு வந்தது. சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் மற்ற தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து 1938 நவம்பர் 7-ஆம் தேதி ஒரு நாள் பொது வேலை நிறுத்தம் அறிவித்தார்கள். 1929-ல் முகம் பார்த்துப் பேசாதவர்கள் இப்போது ஒன்றாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அன்றைக்கு அம்பேத்கர் லாரியில் ஏறி மில் பகுதிகளைச் சுற்றி வந்தார். கோட்டு போட்ட பாரிஸ்டர் லாரி மேல் நிற்கும் காட்சியை நான் மனசில் நினைத்துப் பார்த்தேன். எங்க நைனா மஞ்சம்பாக்கம் பக்கம் கன்டெய்னர் யார்டில் லோடுமேன். லாரி மேல் நின்று போகிறவர்களைப் பார்த்தே பழகினவள் நான், அதனாலோ என்னவோ அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சாயங்காலம் காம்கார் மைதானத்தில் பெரிய கூட்டம். டாங்கே, ஜம்னாதாஸ் மேத்தா, அம்பேத்கர் எல்லாரும் பேசினார்கள். பகலில் சில இடங்களில் கல்லெறி, தடியடி, துப்பாக்கிச் சூடு என்று போய், தொழிலாளிகள் காயப்பட்டார்கள்.

ஜெயித்தார்களா? இல்லை. மசோதா நிறைவேறி 1938-ஆம் வருஷத்து 25-வது பம்பாய்ச் சட்டம் ஆனது. சினிமா மாதிரி முடிந்திருந்தால் எழுதவும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒன்று நடந்தது. 1921-ல் பெரம்பூரில் தனித்தனியாக நின்ற இரண்டு கூட்டமும் 1938-ல் பம்பாயில் ஒரே நாளில் வெளியே வந்தன. தறிக்கூடக் கோரிக்கையை முதலில் எழுதச் சொன்ன மனிதர் முன்னால் நின்றதால்தான் அது முடிந்தது என்பது என் எண்ணம்.

இதைப் பழைய கதையாக நான் படிக்கவில்லை. 2023 ஏப்ரல் 21-ல் நம்ம தமிழ்நாட்டுச் சட்டசபையில் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1-ஆம் தேதி அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். பத்தே நாள்! அப்புறம் 2025 நவம்பர் 21-லிருந்து மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. தொழில் உறவுத் தொகுப்பின்படி எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வேலை நிறுத்தம் செய்யக் கூடாது, சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. முன்பு நோட்டீஸ் கட்டாயம் பொதுச் சேவைகளுக்குத்தான். 1938 மசோதாவைப் படித்துவிட்டு இதைப் படித்தால் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆதரிப்பவர்கள் உற்பத்தி கெடக் கூடாது, வேலைவாய்ப்பு பெருக வேண்டும் என்கிறார்கள். அதுவும் ஒரு வாதம்தான். நாம படிச்சுப் பார்த்து முடிவு பண்ணணும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடுமுன் படிப்பது நல்லது.

எதிர்ப்பக்கம் நின்றவர் 1942 ஜூலையில் அரசாங்கப் பக்கம் போனார். வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை அவருக்குக் கிடைத்தது. அந்த வருஷம் அக்டோபரில் தீண்டப்படாத மக்களின் குறைகளை எழுதி வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில் நமக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. வெறும் பி.ஏ., வக்கீல் படிப்பு போதாது, தொழில்நுட்பக் கல்வி வேண்டும், அரசு அச்சகங்களிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்களிலும் எங்கள் பிள்ளைகளை அப்ரண்டிஸாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். டிப்ளமோக்காரர்கள் சார்பில் அப்போதே ஒருத்தர் பேசியிருக்கிறார்! 1943-ல் மத்திய அரசு வேலையில் தாழ்த்தப்பட்டோருக்கு எட்டே கால் சதவீதத்துக்குச் சற்று மேல் இட ஒதுக்கீடு வந்தது. தொழிற்சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆகவேண்டும் என்ற மசோதாவையும் அதே வருஷம் கொண்டுவந்தார். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்கும் திருத்தம் 1946-ல் சட்டம் ஆனது. நாம பேரைப் பதிஞ்சு வைக்கிற எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சும் அவர் துறை காலத்தில் தொடங்கியதுதான்.

மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கு. யுத்த காலத்தில் நிலக்கரிக்கு ஆள் போதவில்லை என்று, பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது என்ற தடையை 1943-ல் அரசு எடுத்தது. துறை அவருடையது. சட்டசபையில் கடும் எதிர்ப்பு வந்தது. இது அவசர நிலை, நிரந்தரம் இல்லை, ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே பெண்ணுக்கும் கொடுக்கச் செய்திருக்கிறோம் என்று பதில் சொன்னார். 1946-ல் தடை திரும்ப வந்தது. சம கூலி என்பது பெரிய விஷயம்தான். இருந்தாலும் அந்த மூன்று வருஷம் இருட்டில் இறங்கின பெண்களை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எவ்வளவு பெரிய மனுஷனுக்கும் பாதுகாப்பைத் தளர்த்தும் நிலைமை வரத்தான் செய்கிறது.

1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்து பல கூட்டங்களில் பேசினார். நம்ம ஊர்க்காரரான என்.சிவராஜ்தான் அப்போது அவருடைய அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தின் தலைவர். சிவராஜ் அடுத்த வருஷம் சென்னை மேயராகவும் ஆனார்.

1947 ஆகஸ்ட் 29-ல் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவர். 1949 நவம்பர் 26-ல் சட்டம் ஏற்கப்பட்டது. 16-வது பிரிவு அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்கிறது. 17 தீண்டாமையை ஒழிக்கிறது. 23 கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. 1938-ல் சட்டசபையில் தோற்ற வாதம் 23-க்குள் வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனால் 16-ஐக் கவனித்துப் படியுங்கள். அது அரசு வேலைக்கு மட்டும். கான்ட்ராக்டர் கேட்டுக்கு அது வராது. எங்க அம்மாவும் நைனாவும் இருப்பது அந்த கேட்டுக்கு உள்ளேதான்.

1951-ல் பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்துச் சட்டத் தொகுப்பு நிறைவேறாமல் தள்ளிப் போனதால் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ஆம் தேதி டெல்லியில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. உடலை விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் தாதர் வீட்டிலிருந்து கடற்கரைச் சுடுகாட்டுக்கு ஊர்வலம். மில் தொழிலாளி, ரயில்வேக்காரர், துறைமுகக் கூலி என்று பல லட்சம் ஜனங்கள் நடந்தார்கள். அந்தக் கடற்கரையில் இப்போது சைத்ய பூமி என்ற நினைவிடம் இருக்கிறது. வருஷா வருஷம் டிசம்பர் 6 அன்று அங்கே பழைய புத்தகங்களும் புதுப் புத்தகங்களும் நடைபாதை முழுக்க விற்பார்களாம்.

— மெக்கானிக்கல் பிரிவு மாணவி, மாத்தூர்